ஆற்றில் போட்டாலும் அளந்து போடு



வருமான வரி, ஓய்வூதியச் சேமிப்பு, பிள்ளைகளின் கல்லூரிக் கடன் என்று வழக்கமாக நான் பேசும் விஷயங்களை இந்த மாதம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். இன்று விளையாட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். "கணக்குப்பிள்ளைக்கு விளையாட்டில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். விளையாட்டில் எனக்கு வேலை இல்லைதான். ஆனால் விளையாட்டின் பெயரால் எழுதப்படும் செலவுக் கணக்கில் நம் எல்லோருக்குமே வேலை இருக்கிறது. அந்தச் செலவில் ஒரு பங்கு நம் வரிப்பணம், இன்னொரு பங்கு நம் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம்.

செப்டம்பர் பிறந்தால் நம் நியூ ஜெர்சியில் சனிக்கிழமைகளின் நிறமே மாறிவிடும். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் சிவப்புச் சட்டைகள், கார்களில் கொடிகள், வாகன நிறுத்தங்களில் காலையிலேயே தொடங்கும் அடுப்பும் விருந்தும். நம் வீட்டுப் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். இந்தக் கொண்டாட்டத்துக்கு நம் மாநிலம் தனி உரிமையே கொண்டாடலாம். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையிலான முதல் ஃபுட்பால் ஆட்டம் 1869ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் தேதி நம் நியூ பிரன்சுவிக்கில்தான் நடந்தது. ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் மோதின. பக்கத்துக்கு 25 பேர். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் இன்றைய வழக்கம் அன்று கிடையாது. 6க்கு 4 என்று ரட்கர்ஸ் வென்றது. பார்க்க வந்தவர்கள் ஏறக்குறைய நூறு பேர் என்று சொல்வார்கள். அன்றைய செலவுக் கணக்கை யாராவது எழுதி வைத்திருந்தால் ஒரு பந்தும் சில தலைத்துணிகளும்தான் இருந்திருக்கும்.

அந்த நூறு பேர் கூட்டம் இன்று கோடிக்கணக்கான டாலர் புரளும் தொழிலாகிவிட்டது. ஊருக்கு ஊர் ஒரு மரபும் கூடவே வளர்ந்திருக்கிறது. ரட்கர்ஸ் புள்ளி எடுத்தால் மைதானத்தில் பீரங்கி வெடிக்கும். கொலராடோ பல்கலைக்கழகத்தில் உயிருள்ள காட்டெருமை ஒன்று ஆட்டத்துக்கு முன் மைதானத்தில் ஓடிவரும், அதைப் பிடித்துக்கொண்டு மாணவர்கள் கூடவே ஓடுவார்கள். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வளாகத்துக்குள்ளேயே உயிருள்ள புலி ஒன்றை வளர்க்கிறார்கள். 2005இல் அதற்குக் கட்டிய இருப்பிடத்துக்கு ஏறக்குறைய 3 மில்லியன் டாலர் ஆயிற்று. அந்தப் பணம் நன்கொடையாக வந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இவற்றையெல்லாம் நான் கேலி செய்யவில்லை. தேரும் திருவிழாவும் பார்த்து வளர்ந்த நமக்கு, ஊர் கூடி ஒன்றைக் கொண்டாடுவதன் அருமை தெரியும். என் கவலை வேறு. ஒரு செயலுக்கு "மரபு" என்று பெயர் வைத்துவிட்டால், அதன்பிறகு யாரும் கேள்வி கேட்பதில்லை. இதற்கு நெஞ்சைப் பிசையும் உதாரணம் ஒன்று உண்டு.

டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் 1909 முதல், பரம எதிரியான டெக்சாஸ் பல்கலைக்கழகத்துடன் ஆடும் ஆட்டத்துக்கு முன்னால் பெரிய சொக்கப்பனை ஒன்றை மாணவர்கள் கொளுத்துவது வழக்கமாக இருந்தது. காலப்போக்கில் அது மிகப் பெரிதாக வளர்ந்தது. 1999இல் ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டிவந்து, அறுபதடிக்குச் சற்றுக் குறைவான உயரத்துக்கு அடுக்கினார்கள். நவம்பர் 18ஆம் தேதி அதிகாலை, மாணவர்கள் மேலே ஏறி வேலை செய்துகொண்டிருந்தபோது அந்த அடுக்கு சரிந்தது. 12 பேர் இறந்தார்கள், 27 பேர் காயமடைந்தார்கள். விசாரணைக் குழு பின்னால் சொன்னதன் சாரம் இதுதான்: அவ்வளவு பெரிய கட்டுமானத்தின் வடிவமைப்பை முறையான பொறியியல் கண்காணிப்பு இல்லாமல் நடக்க விட்டிருந்தார்கள். பொறியியலுக்குப் பெயர்போன ஒரு பல்கலைக்கழகத்தில் இது நடந்தது. கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர்கள் அங்கே நிறைய இருந்தார்கள். ஆனால் அது மரபு ஆயிற்றே!

கணக்கு விஷயத்தில் உயிர் போவதில்லை என்பதால் நாம் இன்னும் எளிதாகக் கண்ணை மூடிக்கொள்கிறோம். நம் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கணக்கையே வரிசையாகப் பார்ப்போம்.

2006ஆம் ஆண்டு ரட்கர்ஸ் ஃபுட்பாலுக்குப் பொற்காலம். நவம்பர் 9ஆம் தேதி இரவு, அதுவரை தோல்வியே காணாத லூயிவில் அணியை 28க்கு 25 என்று ரட்கர்ஸ் வீழ்த்தியது. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. இந்த மாநிலத்தில் இருந்த எவரும் அந்த உற்சாகத்தை மறந்திருக்க மாட்டார்கள்.

அதே 2006இல் மாநில அரசின் மானியம் வெட்டப்பட்டது. அதைக் காரணம் காட்டி ஆறு அணிகளைக் கலைக்கப் போவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. ஆண்கள் டென்னிஸ், ஆண்கள் நீச்சல், ஆண்கள் வாள்வீச்சு, பெண்கள் வாள்வீச்சு, ஆண்கள் படகுப்போட்டியில் இரண்டு பிரிவுகள். இந்தப் பட்டியலை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். நம் வீட்டுப் பிள்ளைகளை விடியற்காலையில் காரில் ஏற்றிக்கொண்டு நாம் எந்தப் பயிற்சிக்குப் போகிறோம்? பெரும்பாலும் டென்னிசுக்கும் நீச்சலுக்கும்தான். அவற்றுக்குப் பணம் இல்லை என்றார்கள்.

அடுத்து 2008இல், ஃபுட்பால் மைதானத்தை ஏறக்குறைய 52,000 இருக்கைகளாக விரிவாக்க 102 மில்லியன் டாலர் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அதில் 30 மில்லியனை நன்கொடையாகத் திரட்டித் தருவோம் என்று அன்றைய ஆளுநர் உள்பட அரசியல் தலைவர்கள் சொன்னார்கள். அந்த ஆண்டு பொருளாதாரம் சரிந்தது. சொன்னபடி நன்கொடை திரளவில்லை. கட்டிடம் எழுந்தது, கடன் பல்கலைக்கழகத்தின் தலையில் விழுந்தது.

2014இல் ரட்கர்ஸ், பெரிய பல்கலைக்கழகங்கள் சேர்ந்த "பிக் டென்" கூட்டமைப்பில் இணைந்தது. தொலைக்காட்சிப் பணம் கொட்டும், இனி விளையாட்டுத் துறை சொந்தக் காலில் நிற்கும் என்றார்கள். ஆனால் புதிய உறுப்பினருக்கு முதல் சில ஆண்டுகள் முழுப் பங்கு கிடையாது. செலவுக்கு மட்டும் அந்தப் பொறுமை இல்லை. 2019 டிசம்பரில் பயிற்சியாளர் கிரெக் ஷியானோவுடன் 8 ஆண்டுகளுக்கு 32 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். ஆண்டுக்கு 4 மில்லியன். அப்போது நம் மாநில ஆளுநரின் சம்பளம் ஆண்டுக்கு 175,000 டாலர். வகுத்துப் பார்த்தால், ஒரு பயிற்சியாளரின் சம்பளத்தில் ஏறக்குறைய 23 ஆளுநர்களை வைத்துக்கொள்ளலாம். அத்தனை ஆளுநர்கள் நமக்கு வேண்டாம் என்பது வேறு விஷயம்.

பிறகு கொரோனா வந்தது. பார்வையாளர் இல்லாத அந்த 2020-21 நிதியாண்டில் விளையாட்டுத் துறையின் பற்றாக்குறை 70 மில்லியன் டாலரைத் தாண்டியது. அது அசாதாரணமான ஆண்டு, அதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதக்கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளிலும் பற்றாக்குறைதான். 2022இல் நம் மாநிலப் பத்திரிகை ஒன்று இன்னொரு செலவை வெளியே கொண்டுவந்தது. 2021 மே முதல் 2022 ஜூன் வரை ஃபுட்பால் அணியினர் "டோர்டேஷ்" மூலம் வரவழைத்தவற்றுக்கான செலவு மட்டும் 450,000 டாலருக்கு மேல். 14 மாதத்துக்கு வகுத்தால் மாதத்துக்கு 32,000 டாலர். மாநில மாணவர் ஒருவரின் ஓராண்டுப் படிப்புக் கட்டணத்தை ஏறக்குறைய 16,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், 28 பிள்ளைகள் ஓராண்டு இலவசமாகப் படித்திருக்கலாம். பயிற்சி செய்யும் இளைஞர்கள் நன்றாகச் சாப்பிட வேண்டும், அதில் மறுபேச்சு இல்லை. வளாகத்திலேயே சாப்பாட்டுக் கூடங்கள் இருக்கும்போது இந்த வழி ஏன் என்பதுதான் கேள்வி. "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்ற பழமொழி நினைவுக்கு வருகிறதா?

இப்போது என் தொழில் சம்பந்தப்பட்ட பகுதிக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

கல்லூரி விளையாட்டுத் துறைகள் ஆண்டுதோறும் என்.சி.ஏ.ஏ. அமைப்புக்கு ஒரு வரவு செலவுக் கணக்குக் கொடுக்கவேண்டும். அதில் வரவுப் பக்கத்தில் நுழைவுச் சீட்டு விற்பனை, தொலைக்காட்சி உரிமை, நன்கொடை ஆகியவை வரும். இவை உண்மையிலேயே விளையாட்டு சம்பாதித்த பணம். அதே வரவுப் பக்கத்தில் "மாணவர் கட்டணம்", "நிறுவன உதவி" என்று இரண்டு வரிகளும் உண்டு. முதலாவது, ஆட்டம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் எல்லா மாணவர்களிடமும் வசூலிப்பது. இரண்டாவது, பல்கலைக்கழகம் தன் பொதுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது. இரண்டையும் கூட்டியபின் வரவும் செலவும் அழகாகச் சமமாகிவிடும். "எங்கள் துறையில் பற்றாக்குறையே இல்லை" என்று சொல்லவும் முடியும்.

வீட்டுக் கணக்கில் இதை எப்படிச் சொல்வது? வேலைக்குப் போகும் மகன் மாதம் 3,000 டாலர் சம்பாதித்து 5,000 செலவு செய்கிறான். மீதி 2,000 அப்பா கொடுக்கிறார். மகன் தன் நோட்டில் "வரவு 5,000, செலவு 5,000, பாக்கி இல்லை" என்று எழுதிக்கொள்கிறான். கூட்டல் சரிதான். ஆனால் அப்பாவின் பணத்தைத் தன் சம்பளத்தோடு சேர்த்து எழுதியிருக்கிறான். அந்த அப்பா நாம்தான்.

இந்த இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டுப் பார்த்தால் என்ன தெரியும்? என்.சி.ஏ.ஏ. தானே வெளியிட்ட 2019ஆம் ஆண்டுக் கணக்குப்படி, ஏறக்குறைய 1,100 கல்லூரிகளில் விளையாட்டின் சொந்த வருமானம் செலவை மிஞ்சியது வெறும் 25 கல்லூரிகளில்தான். மற்ற எல்லா இடத்திலும் யாரோ ஒருவர் துண்டு விழுவதை நிரப்புகிறார். ரட்கர்ஸில் மாணவர் கட்டணத்திலிருந்து மட்டும் ஆண்டுக்கு 10 மில்லியன் டாலருக்கு மேல் விளையாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

என் மகள் வேறு மாநிலத்தில் ஓர் அரசுக் கல்லூரியில் படித்தபோது, கட்டண ரசீதில் "வளாகக் கட்டணம்" என்று மொத்தமாக ஒரு தொகை இருந்தது. அதற்குள் என்னென்ன அடக்கம் என்று தொலைபேசியில் கேட்டேன். மூன்று பேரிடம் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். கடைசியில் பேசிய பெண்மணி, "இதுவரை எந்தப் பெற்றோரும் இதைக் கேட்டதில்லை" என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது அந்தத் தொகை அல்ல, அந்தப் பதில்தான்.

மறுபக்கத்து நியாயங்களையும் சொல்லவேண்டும். முதல் நியாயம், விளையாட்டால் பல்கலைக்கழகத்தின் பெயர் பரவுகிறது, விண்ணப்பங்கள் கூடுகின்றன என்பது. ஓரளவு உண்மைதான். ஆனால் விளம்பரச் செலவு என்றால் விளம்பரச் செலவு என்றே எழுதி, அதனால் வந்த பலனையும் பக்கத்தில் எழுதிக் காட்டட்டும். எந்த வியாபாரியும் அதைத்தான் செய்வான்.

இரண்டாவது நியாயம், "இது நன்கொடைப் பணம், உங்கள் பணம் அல்ல" என்பது. 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்டு எம் தன் ஃபுட்பால் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை ஒப்பந்தம் முடியும் முன்பே வெளியேற்றியது. அதற்காக அவருக்குத் தரவேண்டியிருந்த தொகை 75 மில்லியன் டாலருக்கு மேல். வேலை செய்ய அல்ல, வேலை செய்யாமல் இருக்க! அப்போதும் இதே பதிலைத்தான் சொன்னார்கள். ஆனால் நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை உண்டு. 1988 முதல் 2017 வரை இன்னும் ஒருபடி மேலே. மைதானத்தில் நல்ல இருக்கை வாங்கும் உரிமைக்காகக் கல்லூரிக்குக் கொடுக்கும் பணத்தில்கூட 80 விழுக்காட்டை நன்கொடையாகக் காட்டி வரி குறைத்துக்கொள்ளலாம் என்று சட்டமே இருந்தது. 2017ஆம் ஆண்டு வரிச் சட்டம் வந்தபின்தான் 2018 முதல் அது நீங்கியது. அந்த முப்பது ஆண்டுகளும் அரசு வசூலிக்காமல் விட்ட வரியை மற்றவர்கள்தான் சுமந்தோம்.

மூன்றாவது நியாயம், "எதிர்காலத்தில் வருமானம் வரும்" என்பது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம், நிலநடுக்கப் பிளவின் மேலேயே அமைந்திருக்கும் தன் பழைய மைதானத்தைப் புதுப்பித்து 2012இல் திறந்தது. பல ஆண்டுகளுக்கான இருக்கை உரிமையை முன்கூட்டியே விற்றுக் கடனை அடைக்கலாம் என்பது திட்டம். எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 400 மில்லியன் டாலருக்கு மேற்பட்ட கடன் நின்றது. பின்னர் அதில் பெரும் பகுதியை விளையாட்டுத் துறையிடமிருந்து பல்கலைக்கழகமே எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. நோபல் பரிசாளர்கள் நிறைந்த இடத்திலேயே இந்தக் கணக்குப் பிசகியது என்றால் மற்ற இடங்களைப் பற்றிச் சொல்லவேண்டுமா?

"அப்படியானால் விளையாட்டையே நிறுத்தச் சொல்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் நிறுத்திப் பார்த்த ஓர் இடமும் இருக்கிறது. நம் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937 முதல் பணியாற்றிய சிகாகோ பல்கலைக்கழகம் அது. ஒருகாலத்தில் அதுவும் பிக் டென் உறுப்பினர்தான். சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை முதன்முதலில், 1935இல், பெற்றவரும் அந்தப் பல்கலைக்கழகத்து மாணவர்தான். 1939இல் அதன் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் காலத்தில் ஃபுட்பாலை அடியோடு நிறுத்தினார்கள். ஆளில்லாமல் போன அந்த மைதானத்தின் பார்வையாளர் மேடைக்குக் கீழேதான் 1942 டிசம்பர் 2ஆம் தேதி, மனிதன் உண்டாக்கிய முதல் அணுத் தொடர்வினை நடந்தது. பிறகு மேடையை இடித்தார்கள். 1970இல் அந்த இடத்தில் பெரிய நூலகம் ஒன்று திறக்கப்பட்டது. ஃபுட்பால் 1969இல் மீண்டும் வந்தது. ஆனால் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தராத எளிய பிரிவில், மாணவர்களின் விளையாட்டாக வந்தது. பல்கலைக்கழகத்தின் பெயர் கெட்டுவிடவில்லை.

எல்லோரும் சிகாகோ ஆக முடியாது. அது வசதி படைத்த தனியார் பல்கலைக்கழகம். அரசுப் பல்கலைக்கழகம் குறைந்தது வெளிப்படையாகவாவது இருக்கலாம். இப்போது அதற்கு அவசரமும் கூடியிருக்கிறது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டின்படி, அந்த ஜூலை முதல் கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டில் ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு ஏறக்குறைய 20.5 மில்லியன் டாலர். உழைத்து ஆடும் வீரர்களுக்குப் பங்கு கிடைப்பது நியாயம், வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வரும்? அந்த உடன்பாடு இறுதியாவதற்கு முன்பே, 2025 மார்ச்சில், கலிஃபோர்னியாவின் கால் பாலி அரசுப் பல்கலைக்கழகம் இந்தச் செலவையும் ஒரு காரணமாகச் சொல்லி நீச்சல் அணியைக் கலைத்துவிட்டது. 2006இல் நம் மாநிலத்தில் பார்த்த அதே கதை.

நாம் என்ன செய்யலாம்? மூன்று காரியங்கள் சொல்கிறேன், மூன்றும் எளியவை.

ஒன்று, பிள்ளைகளுக்குக் கல்லூரி பார்க்கப் போகும்போது தங்கும் விடுதியையும் சாப்பாட்டையும் விசாரிப்பதோடு, "கட்டாயக் கட்டணத்தில் விளையாட்டுக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். இரண்டு, அரசுக் கல்லூரிகள் பலவற்றின் விளையாட்டுக் கணக்குகளை நைட் ஆணையமும் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் நியூஹவுஸ் பள்ளியும் சேர்ந்து இணையத்தில் இலவசமாகத் தொகுத்து வைத்திருக்கின்றன. அதில் நான் சொன்ன அந்த இரண்டு வரிகளை மட்டும் பாருங்கள். நம் மாநிலத்தில் அரசு ஆவணங்களைக் கேட்டுப் பெறும் உரிமைச் சட்டமும் 2002 முதல் இருக்கிறது. பத்திரிகையாளர்கள் மட்டும்தான் கேட்கவேண்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை. மூன்று, ரட்கர்ஸ் ஆளுநர் குழுவின் பொதுக் கூட்டங்களுக்கு ஒருமுறையாவது போய்வாருங்கள். சட்டமன்ற உறுப்பினர் ஓட்டுக் கேட்டு நம் பண்டிகை விழாவுக்கு வரும்போது, பொன்னாடை போர்த்தும் கையோடு இந்தக் கேள்வியையும் போடலாம்.

கணக்குக் கேட்பது நமக்குப் புதிதல்ல. தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் பொருளாளர் கணக்கு வாசிக்கும்போது என்ன பாடு படுத்துகிறோம்! பொங்கல் விழா ஒலிபெருக்கிக்கு 300 டாலர் அதிகம் ஆனது ஏன் என்று ஒரு மணி நேரம் விவாதித்திருக்கிறோம். வடை மிஞ்சியதற்கு விளக்கம் கேட்டிருக்கிறோம். அந்த வழக்கம் நல்ல வழக்கம்தான், அதைக் கைவிடவேண்டாம். 300 டாலருக்கு எழுந்து நிற்கும் நாம், 70 மில்லியனுக்கு உட்கார்ந்தே இருக்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம். இது "அவர்கள் விவகாரம்" என்று நினைப்பதும் ஒரு காரணம். வரி கட்டும்போது நாம் இந்த ஊர்க்காரர்கள், கணக்குக் கேட்கும்போது மட்டும் விருந்தாளிகளா?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் பெரியவர்கள். போடாதே என்று சொல்லவில்லை. பீரங்கி வெடிக்கட்டும், பிள்ளைகள் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஆரவாரம் செய்யட்டும். அளந்த கணக்கை மட்டும் எல்லோரும் படிக்கும்படி வைக்கட்டும்.

அடுத்த மாதம், வழக்கம்போல் வரி விஷயங்களுடன் சந்திப்போம். உங்கள் பிள்ளைகளின் கல்லூரி ரசீதில் ஏதாவது வரி புரியாவிட்டால் நிலையத்துக்கு எழுதுங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.